பரிசோதித்தவர் பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்புப் பக்கங்களைப் புரட்டுவோர் 'பரிசோதித்து' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் காண்பர். இன்னார் பரிசோதித்தார், இன்னாருடைய அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று அறிவிப்பது அக்கால வழக்கு. பிரதியைச் செம்மையாக்கல், மெய்ப்புத் திருத்தல் என இன்று நாம் பிரித்துச் சொல்லும் இரு பணிகளும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன. வெளிவந்த நூல்களைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அப்பணிக்கு ஆன செலவை யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றிப் பேசியது குறைவு.

அப்பணி எளிதானதன்று. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இராது. 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே நிற்கும். சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. எனவே ஏட்டைப் பெயர்த்தெழுதும் ஒவ்வொரு வரியிலும் பரிசோதகர் ஒரு தீர்ப்பை வழங்கியாக வேண்டும். அதன் பிறகு அச்சுக்கோப்பவரின் பிழைகள் வேறு. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, ஒரு பாரம் அச்சானதும் கலைத்து, அதே ஈய எழுத்துகளை அடுத்த பாரத்துக்குப் பயன்படுத்திய காலம் அது. மெய்ப்பு திரும்பிவரத் தாமதமானால் எழுத்துகளும் முடங்கும், ஆட்களின் கூலியும் வீணாகும். ஐயம் தீரும்வரை காத்திருக்கப் பரிசோதகர் விரும்புவார். அச்சகக்காரரோ காத்திருக்க விரும்பார்.

இம்முரணைத் தீர்க்கத் துணிந்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்று மொழிப்பணி செய்தவர் அவர். பிறருடைய நூலைத் திருத்தும் உழைப்பு எத்தகையது என்பதை அங்கேயே அறிந்திருப்பார். 1848இல் அப்பணியை விட்டு நீங்கினார். 1849இல் தமிழகம் வந்து அச்சியந்திரம் வாங்கிச் சென்று, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். 1860இல் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அதே பெயரில் ஓர் அச்சகம் தொடங்கினார். அச்சகம் அவருடையதாகவே இருந்ததால், எப்போது அச்சேற்றுவது என்பதைப் பரிசோதகரே முடிவு செய்ய முடிந்தது. நம் பதிப்பு வரலாற்றில் இது சிறிய மாற்றமன்று.

ஆனால் அச்சகத்தை நடத்தப் பணம் வேண்டும். அதற்கு அவர் கண்ட வழிகள் இரண்டு என்று தோன்றுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான பாலபாடங்கள், பெரியபுராண வசனம் (1852) போன்ற பலரும் படிக்கத்தக்க நூல்கள் ஒரு வழி. நன்னூல் விருத்தியுரை (1851) போன்ற இலக்கண நூல்கள் சிலருக்கே உரியவை. அவற்றின் சுமையை முன்னவை ஓரளவேனும் தாங்கியிருக்கும் எனக் கருத இடமுண்டு. மற்றொரு வழி, புரவலர் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்து கொடுப்பது. திருக்கோவையார் உரையையும் (1860) திருக்குறள் பரிமேலழகர் உரையையும் (1861) இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் வேண்டுகோளின்படியே நாவலர் பரிசோதித்து வெளியிட்டார். பொருள் தேவருடையது, பொறுப்பு நாவலருடையது. முகப்பில் நின்ற பெயர் புகழுக்காக மட்டும் நின்றதன்று. பாடத்தில் பிழை இருந்தால் யாரைக் கேட்பது என்பதற்கான பிணைச்சீட்டும் அதுவே. 'நாவலர் பதிப்பு' என்ற சொல்லே ஒரு தரமுத்திரையாக வழங்கியதன் காரணம் இதுதான்.

இப்பெயரின் மதிப்பை 1868இல் வெளிவந்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையிலும் காணலாம். வெளியிட்டவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, பரிசோதித்தவர் நாவலர். வெளியிடுபவரும் பரிசோதிப்பவரும் வெவ்வேறு ஆட்கள், இருவருக்கும் தனித்தனிப் பொறுப்பு உண்டு என்பதை அந்நூல் ஒளிக்கவில்லை.

அடுத்த தலைமுறையில் உ. வே. சாமிநாதையருக்குச் சொந்த அச்சகம் இல்லை. அவர் கும்பகோணம் கல்லூரி ஆசிரியர். சீவக சிந்தாமணியை (1887) அச்சிட, வாங்குவதாக ஒப்புக்கொள்வோரிடம் முன்கூட்டியே கையொப்பம் திரட்டினார். விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுவேலையைக் கவனித்தார். சொந்த அச்சகம், புரவலர், கையொப்பம் என மூன்று வழிகளாலும் அக்காலத்தவர் திருத்தப் பணிக்கு ஒரு விலையைத் தேடிக் கொடுத்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் பதிப்பகங்கள் பெருகின. முகப்பிலிருந்து பரிசோதகர் பெரும்பாலும் மறைந்தார். பழைய இலக்கியங்களைப் பதிப்பித்த அறிஞர்களின் பெயர் தங்கியது. புதிய நாவலையோ கட்டுரைத் தொகுப்பையோ செம்மை செய்தவர் பெயரற்றவரானார். எழுத்தாளர் எழுதியதைத் தொடலாகாது என்ற எண்ணமும் இதற்குத் துணைபோயிற்று. 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா போன்ற சில பதிப்பகங்களே செம்மையாக்கத்தைப் பதிப்பின் மையமாகக் கொண்டன. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை அந்த மொழிக் கவனத்தின் கனி என்றே கொள்ளலாம். அவர் 2020இல் மறைந்தார்.

இன்று வீட்டிலிருந்தபடியே பக்கக் கணக்கில் கூலி பெற்று மெய்ப்புப் பார்ப்போர் பலர். அவர்களுக்கு அச்சகமும் இல்லை, புரவலரும் இல்லை. பெயரும் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. பிழை மலிந்த நூல்களைக் குறித்து நாம் வருந்துவது நியாயமே. ஆனால் கூலியைக் குறைத்து, கால அவகாசத்தையும் குறைத்து, பெயரையும் மறைத்தபின் பொறுப்பை மட்டும் எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்? நாவலர் காலத்தவர் செய்ததைப் போலப் பரிசோதித்தவர் பெயரை முகப்பில் இடுவதற்குச் செலவு ஒரு வரி மட்டுமே. அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கலாம்.