சொன்ன பேச்சைக் கேட்காத வெள்ளை நாய்

சென்ற மாதம் ஒருநாள் காலையில் அடுத்த தெருத் தம்பி ஒருவர் ராஜபாளையம் குட்டி ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நான்கு மாதக் குட்டி. பால் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு.

"அய்யா, நீங்க மாட்டாஸ்பத்திரியில வேலை பாத்தவங்கல்லா, இதக் கொஞ்சம் பாருங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கு. ரெண்டு போடு போட்டாத்தான் வழிக்கு வரும்ங்காங்க."

நான் மருத்துவர் இல்லை. கால்நடைத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் டாக்டர் வரும்வரை எல்லோரும் என் மேசை முன்னால்தான் நிற்பார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியும் டாக்டர் சொல்லும் பதிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் என் காதில் விழுந்திருக்கின்றன. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில் நடந்தது. அப்பா அங்கே பஞ்சாலையில் வேலை பார்த்தார். பிறகு குடும்பத்தோடு சொந்த ஊரான கழுகுமலைக்கே வந்துவிட்டோம். நம் இடைசெவல் கி.ரா. கரிசலிலிருந்து புதுவைக்குப் போனார். நான் புதுவையிலிருந்து கரிசலுக்கு வந்தேன் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்தப் பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்த பாடங்களில் ஒன்று லூயி பாஸ்டர் கதை. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு அவர் தடுப்பூசி போடச் செய்தார். பையன் பிழைத்தான். வளர்ந்தபின் பாரிஸில் பாஸ்டர் பெயரால் அமைந்த நிறுவனத்திலேயே வாயிற்காவலராக வேலை பார்த்தான். நம் பக்கத்தில் அதே பாஸ்டர் பெயரில் 1907இல் குன்னூரில் நிறுவனம் வந்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம் தலைமுறை பயந்ததெல்லாம் அந்தக் காலத்து மருந்தைத்தான். இப்போது அது இல்லை. கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இன்னொரு பாடமும் நினைவிருக்கிறது. உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761இல் பிரான்சின் லியோன் நகரத்தில் தொடங்கியது. நிறுவியவர் குளோத் பூர்ழெலா, குதிரை சாஸ்திரம் அறிந்தவர். மாடுகளைக் கொள்ளை கொண்டுபோன வெக்கை நோய்தான் அதற்கு முக்கியக் காரணம். நம் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் வந்தது. எங்கேயும் முதலில் மாடும் குதிரையும்தான். நாயின் முறை கடைசியில்தான் வந்தது. நான் வேலையில் சேர்ந்த காலத்திலும் அப்படித்தான். மாடு, எருமை, ஆடு, கோழி எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுத்தான் நாயை எழுதுவேன்.

ஆனால் இந்தக் கரிசல் சீமை நாய்க்குப் பேர்போன சீமை. மேற்கே ராஜபாளையம். வடக்கே சிப்பிப்பாறை, அந்த ஊர்ப் பெயரே நாய்க்கும் பெயர். கறுப்பு உடம்பில் பழுப்பு மறு உள்ளதைக் கன்னி என்பார்கள். கல்யாணத்தில் கன்னிப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராஜபாளையம் நாயை வெள்ளைக்காரர்கள் 'பாளையக்காரர் நாய்' என்றே எழுதினார்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். நம் அரசும் சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென்று ஒரு பண்ணை வைத்தது.

இந்த நாய்கள் எதற்காக வளர்க்கப்பட்டன என்று தெரிந்தால், என் மேசைக்கு வந்த பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். "கூழும் மோரும் ஊத்துறேன், விலா எலும்பு தெரியுதே, நோயா?" என்று சிப்பிப்பாறைக்காரர்கள் கேட்பார்கள். மரம் மட்டை இல்லாத வெட்டவெளிக் காட்டில் முயலை விரட்டுவதற்கென்றே உருவான உடம்பு அது. ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் அதன் லட்சணம். இரண்டு மூன்று விலா எலும்பு லேசாகத் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, கண் வெளுத்திருந்தால் குடற்புழுவைப் பார்க்க வேண்டும்.

"கயித்த அவுத்துவிட்டா ஆட்டைத் தொரத்துது" என்பது அடுத்த கேள்வி. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் நாய் அது. கண் முன்னால் எது ஓடினாலும் அதற்குக் கால் தரிக்காது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபின் முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. அது சரிதான். ஆனால் நாய்க்குச் சட்டம் தெரியுமா? வேட்டை நின்றது, கால் நிற்கவில்லை. காலையும் மாலையும் நன்றாக ஓடவிட்டு, குட்டியிலேயே ஆடு கோழியோடு பழக்கினால் பெரும்பாலும் அடங்கும் என்று டாக்டர் சொல்வார்.

நோய்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். குட்டிகள் ரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றுவார்கள். அது பார்வோ என்ற நோய். 1978இல்தான் உலகத்துக்கே தெரியவந்தது. மிகச் சில ஆண்டுகளில் கண்டம் கண்டமாகப் பரவியது. தாத்தா காலத்தில் இல்லாத நோய்க்குத் தாத்தா வைத்தியத்தில் மருந்து தேடி எத்தனையோ குட்டிகளைப் பறிகொடுத்தோம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டு, டாக்டர் சொல்லும் இடைவெளியில் அடுத்ததையும் போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, அப்புறம் ஆண்டுதோறும்.

இனி அந்த வெள்ளைக் குட்டிக்கு வருகிறேன்.

1986இல் நானும் ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கினேன். வெள்ளையன் என்று பெயர் வைத்தோம். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் கூப்பிட்டால் வராது. எதிரில் நின்று கையசைத்தால் ஓடி வரும். முதுகுப்பக்கம் நின்று கத்தினாலும் அசையாது. திமிர் என்று நினைத்தேன். புளியவிளார் ஒன்றை வாசலில் செருகி வைத்திருந்தேன். எத்தனை அடி அடித்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. அடித்த பிறகும் அது வாலாட்டிக்கொண்டு என் காலடியில்தான் வந்து படுக்கும்.

ஒருநாள் சாயங்காலம் கோவில்பட்டி சாலையைக் கடந்தபோது லாரியில் அடிபட்டுவிட்டது. டிரைவர் வெகுதூரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் அலுவலகத்தில் டாக்டரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அதுக்குக் காது கேக்குமா?"

பிறகுதான் அவர் விளக்கினார். உடம்புக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்கள்தாம் உட்காது வேலை செய்யவும் வேண்டும். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே செவிப்புலன் போய்விடும். பால் வெள்ளை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்து, நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இனம் பெருக்கியதன் பலன் இது. புள்ளி விழுந்த குட்டிகளையும் நிறக் குட்டிகளையும் அந்தக் காலத்தில் கொன்றேவிடுவார்களாம். பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்று நிறத்தை அழித்தோம். அதோடு காதும் போனது. கடைசியில் அடி வாங்கியது நாய்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டு, குட்டி தூங்கும்வரை காத்திருந்தோம். காற்றுக்கூடப் படாமல் கொஞ்சம் தள்ளி நின்று, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். குட்டி கண் திறக்கவில்லை. இரண்டு மூன்று தடவை தட்டியும் அப்படித்தான். தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்துகூட அடிச்சிட்டேன்யா" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொன்னேன். காது கேளாத நாய்க்கும் எல்லாம் கற்றுக்கொடுக்கலாம். பேச்சுக்குப் பதில் கைச்சாடை: கையை உயர்த்தினால் உட்கார், உள்ளங்கையைத் தன் பக்கம் மடக்கினால் வா. எல்லோரும் ஒரே சாடையைக் காட்ட வேண்டும். சரியாகச் செய்ததும் ஒரு வாய்த் தீனி. கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பும். தூங்கும்போது பின்னாலிருந்து திடீரென்று தொடக்கூடாது, பயத்தில் கடித்துவிடும். தெருவில் கயிறில்லாமல் விடவே கூடாது. முக்கியமாக, அதை இனம் சேர்க்கக்கூடாது.

நாய் வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால், குட்டியின் முதுகுப்பக்கம் நின்று ஒரு கைதட்டுத் தட்டிப் பாருங்கள். 1986இல் அதை எனக்குச் சொல்ல ஆளில்லை.

நேற்றுச் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். தெருமுனையில் நின்று கையை உயர்த்தினார். குட்டி அவர் முகத்தைப் பார்த்தபடியே மெதுவாக உட்கார்ந்தது.