இரண்டு விமானிகளும் மீன் சாப்பிட்டார்கள்

1955ஆம் ஆண்டு. வேலை விஷயமாக வெளியூர் போய்விட்டு விமானத்தில் டொரண்டோ திரும்பிக்கொண்டிருந்தார் ஆர்தர் ஹெய்லி. வயது 35. லாரிகளுக்கு ட்ரெய்லர் செய்யும் கம்பெனியில் விற்பனைப் பிரிவு அதிகாரி. இங்கிலாந்தின் லூட்டனில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்துவிட்டு, 1947இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். அதற்குப் பிறகு விமானத்தின் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை மட்டும் விட்டபாடில்லை.

நீண்ட பயணம், வேறு பொழுதுபோக்கு கிடையாது. ஓட்டத் தெரிந்தவன் பின் சீட்டில் உட்கார்ந்தால் கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இருக்காது. ஹெய்லிக்கு ஒரு பகல்கனவு வந்தது. முன்னால் இருக்கும் இரண்டு விமானிகளும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால்? விமானத்தில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்றால்? போர்க்காலத்துச் சிறிய விமானத்தை ஓட்டிய கைக்கு நான்கு எஞ்சின் வைத்த இந்தப் பெரிய வண்டி அடங்குமா?

அந்தக் கேள்விக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு காரணம்: இரண்டு விமானிகளும் சேர்ந்து விழ வேண்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில் மாரடைப்பு வராது. வந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் விமானத்தில் எல்லோருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு, சாப்பாடு. தட்டில் இறைச்சி அல்லது மீன். மீன் கெட்டுப்போயிருந்தது. விமானிகள் இருவரும் மீனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கதை அவ்வளவுதான்.

வீடு வந்து சேர்ந்ததும் எழுதி முடித்து, கனடாவின் அரசுத் தொலைக்காட்சியான சிபிசிக்கு அனுப்பினார். 'ஃப்ளைட் இன்டு டேஞ்சர்' என்ற பெயரில் 1956 ஏப்ரல் 3 அன்று நேரலையாக ஒளிபரப்பானது அந்த நாடகம்.

இந்த நேரலை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கதைவகையே அதனால்தான் இப்படி உருவானது என்பது என் எண்ணம். விமான ஆபத்துக் கதைகள் அதற்கு முன்பும் இருந்தன. நிஜத்திலேயே பயணிகள் விமானம் ஓட்டிய எர்னஸ்ட் கேன் எழுதிய நாவல் 1954இல் 'தி ஹை அண்ட் த மைட்டி' என்ற படமாகி, ஜான் வெய்ன் நடித்து நன்றாக ஓடியது. ஹொனலூலுவிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரும் வழியில் எஞ்சின் பழுதாகும் கதை. ஆனால் அங்கே காப்பாற்றுகிறவர்கள் சீருடை போட்ட விமானிகள்தான். ஹெய்லி அந்தச் சீருடையைக் கழற்றிவிட்டார். காக்பிட் நாற்காலி காலி. அதில் உட்காரப் போகிறவன் கொஞ்ச நேரம் முன்புவரை உங்கள் பக்கத்து இருக்கையில் தட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவன். பார்க்கும் அத்தனை பேரையும் ஒரே அடியில் கதைக்குள் இழுத்துப் போட்டது இந்த மாற்றம்தான்.

அதைச் சிறிய ஸ்டூடியோவுக்குள் நேரலையாகக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் மீதி வேலையைச் செய்தது. பிரம்மாண்டமான விமானக் காட்சிகளுக்குப் பணமும் இல்லை, வழியும் இல்லை. இருந்தவை காக்பிட், பயணிகள் அறை, தரையில் கட்டுப்பாட்டு அறை என்ற சில செட்டுகள். இவற்றை இணைப்பது ரேடியோ குரல். மேலே வியர்த்துக்கொட்டும் ஒருவன், கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு எந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கும் அனுபவசாலி, நடுவில் நோயாளிகளின் கணக்கு ஏறிக்கொண்டே போகிறதென்று வந்து சொல்லும் டாக்டர். பிற்பாடு கோடிகளைக் கொட்டி எடுத்த படங்கள்கூட இந்த அமைப்பை விட்டு வெளியே போகவில்லை. வறுமையில் பிறந்த வடிவம் வசதி வந்த பிறகும் மாறாமல் நின்றது.

நாயகன் ஜார்ஜ் ஸ்பென்சராக நடித்தவர் ஜேம்ஸ் டூஹன். பத்தாண்டு கழித்து 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் ஸ்காட்டி என்ற எஞ்சினியராக உலகம் அறிந்த முகம். அவரே போரில் நார்மண்டிக் கரையில் இறங்கிக் குண்டடி பட்டவர். பிறகு பீரங்கிப் படைக்கு வேவு பார்க்கும் சிறு விமானங்களை ஓட்டியவர். ஹெய்லி கற்பனை செய்த மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. சிபிசியில் நாடகப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் சிட்னி நியூமன். பிபிசியும் இந்த நாடகத்தை ஒளிபரப்பியது. பின்னர் நியூமன் இங்கிலாந்துக்கே போய் 'டாக்டர் ஹூ' தொடர் உருவாகக் காரணமானார்.

ஹாலிவுட் சும்மா இருக்குமா? மறு ஆண்டே, 1957இல், பாரமவுண்ட் 'ஜீரோ ஹவர்!' என்று படமாக்கியது. பெயரின் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. சினிமாவுக்கு உணர்ச்சி போதாது என்று நாயகனுக்கு ஒரு கடந்த காலம் ஒட்டப்பட்டது: போரில் தன் முடிவால் சகாக்களைப் பறிகொடுத்த குற்ற உணர்வு, அவனை விட்டுப் பிரியும் மனைவி, அதே விமானத்தில் சிறு மகன். பெயரும் டெட் ஸ்ட்ரைக்கர் என்று மாறியது. நடித்தவர் டேனா ஆண்ட்ரூஸ். தரையிலிருந்து வழிகாட்டும் கடுகடு கேப்டனாக ஸ்டெர்லிங் ஹேடன். மயங்கி விழும் விமானியாக, அமெரிக்கக் கால்பந்து வீரர் எல்ராய் ஹிர்ஷ். விளையாட்டு நட்சத்திரத்தை ஒரு சின்ன வேடத்தில் நுழைத்து டிக்கெட் விற்கும் பழக்கம் அங்கேயும் உண்டு. 1958இல் கதை நாவலாகவும் வந்தது. படம் சுமாராக ஓடி, பிறகு நள்ளிரவுத் தொலைக்காட்சியில் விளம்பரங்களுக்கு நடுவே ஒதுங்கியது.

ஹெய்லி அதற்குள் மேலே போய்விட்டார். 1968இல் வந்த அவருடைய 'ஏர்போர்ட்' நாவலை நம் ஊர் லெண்டிங் லைப்ரரிகளில் முனை மடங்கி அட்டை கிழிந்த நிலையில் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள். காப்பீட்டுப் பணம் குடும்பத்துக்குக் கிடைக்கட்டும் என்று பெட்டியில் வெடிகுண்டோடு விமானம் ஏறும் ஒருவன், பனிப்புயலில் மூடிக்கிடக்கும் ரன்வே. 1970இல் படமாகி வசூலை அள்ளியது. ஹெலன் ஹேய்ஸுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அதன் வால்களாக மூன்று படங்கள் வந்தன. அவற்றில் 'ஏர்போர்ட் 1975' பழைய மீன் கதையின் நேர் வாரிசு. விமானிகள் செயலிழக்க, விமானப் பணிப்பெண் காக்பிட்டில் உட்காருகிறாள். உண்மையைச் சொன்னால், அந்த வரிசையில் முதல் படத்தைத் தவிர மற்றவை பொழுதைக் கொல்லத்தான் உதவும்.

இதற்கிடையில் விஸ்கான்சினின் மில்வாக்கியைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள்: ஜிம் ஆப்ரகாம்ஸ், டேவிட் ஸக்கர், அவர் தம்பி ஜெரி ஸக்கர். மேடையில் நகைச்சுவை நாடகம் போடுகிறவர்கள். விளம்பரங்களைக் கிண்டலடிக்க வேண்டுமே, அதற்காக இரவு முழுக்க வீடியோ ரெக்கார்டரை ஓடவிட்டு, காலையில் டேப்பைப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு நாள் விளம்பரங்களுக்கு நடுவில் 'ஜீரோ ஹவர்!' மாட்டியது.

பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்தது, இதில் தாங்கள் சேர்க்க வேண்டியது அதிகமில்லை என்று. கதை அச்சுப் பிசகாமல் இருந்தது. எந்த நிமிடத்தில் யார் விழ வேண்டும், எப்போது டாக்டர் எழுந்து வர வேண்டும், எல்லாம் ஹெய்லி போட்ட கணக்கு. பழைய படத்தின் உரிமையைச் சுமார் 2,500 டாலருக்கு வாங்கி, வசனங்களைப் பல இடங்களில் அப்படியே வைத்துக்கொண்டு, 1980இல் 'ஏர்பிளேன்!' எடுத்தார்கள். அந்த ஆச்சரியக்குறியையும் விடவில்லை. நாயகன் பெயர் அதே டெட் ஸ்ட்ரைக்கர், எழுத்தில் மட்டும் ஒரு சின்ன மாற்றம். கால்பந்து வீரருக்குப் பதில் கூடைப்பந்து நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பார் துணை விமானி. பழைய படத்தில் தரையிலிருந்து வழிகாட்டும் கேப்டன், சிகரெட்டை விட இந்த வாரமா கிடைத்தது என்று நொந்துகொள்வார். புதிய படத்தில் அதே வருத்தம் சிகரெட்டில் தொடங்கி, குடி, மாத்திரை, பசை முகர்வது என்று படிப்படியாக ஏறும். தயாரிப்பு நிறுவனம் ஜெட் விமானம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது. சரி என்று ஜெட்டைக் காட்டிவிட்டு, பின்னணியில் பழைய ப்ரொப்பெல்லர் சத்தத்தைப் போட்டுவிட்டார்கள்.

நடிகர்களைத் தேர்ந்ததில்தான் அவர்களின் மூளை தெரிகிறது. நகைச்சுவை நடிகர் ஒருவரும் வேண்டாம் என்றார்கள். லெஸ்லி நீல்சன், ராபர்ட் ஸ்டாக், லாய்ட் பிரிட்ஜஸ், பீட்டர் கிரேவ்ஸ்: எல்லோரும் அதுவரை விறைப்பாகவே நடித்துப் பேர் வாங்கியவர்கள். ஸ்டாக் 'தி ஹை அண்ட் த மைட்டி'யில் விமானியாகவே வந்தவர். சிரிக்காமல், 1957இல் பேசிய அதே தொனியில் பேசச் சொன்னார்கள். அமெரிக்காவில் மட்டும் 8 கோடி டாலருக்கு மேல் வசூல். 2010இல் அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்ந்தது. இன்று ஹெய்லியின் அசல் நாடகத்தைப் பார்ப்பவர்களுக்குக் கிண்டல் படம்தான் முன்னே நினைவுக்கு வருகிறது. டாக்டர் வாயைத் திறந்தாலே சிரிப்பு வந்துவிடும். பாவம் டூஹன்.

கெட்ட மீன் வெறும் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1975 பிப்ரவரி 3. டோக்கியோவிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாகக் கோபன்ஹேகன் நோக்கி வந்துகொண்டிருந்தது ஜப்பான் ஏர்லைன்ஸின் 747 விமானம். 344 பயணிகள், பாரிஸ் சுற்றுலாவுக்குக் கிளம்பிய ஒரு குளிர்பான நிறுவன விற்பனையாளர்களும் அவர்களின் குடும்பத்தினரும். காலை உணவாக ஹாம் வைத்த ஆம்லெட். இறங்குவதற்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்துவிட்டன. பணிப்பெண் ஒருவரோடு சேர்த்து 197 பேருக்கு உடம்பு முடியவில்லை. 143 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆங்கரேஜ் சமையல்கூடத்தில் ஒரு சமையற்காரரின் விரலில் இருந்த புண்ணிலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி உணவில் ஏறி, போதிய குளிரில் வைக்கப்படாத நேரத்தில் பெருகி நஞ்சாகியிருந்தது. அந்தச் சமையல்கூடத்தின் மேலாளர் தற்கொலை செய்துகொண்டார்.

விமானிகள் தப்பித்தார்கள். விதிமுறை ஒன்றும் அவர்களைக் காப்பாற்றவில்லை. அவர்களுடைய உடம்புக்கு அது இரவு நேரம். ஆம்லெட்டை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு ஸ்டேக் சாப்பிட்டிருந்தார்கள். ஆராய்ந்த மருத்துவர்கள் தந்த பரிந்துரைகளில் ஒன்று: காக்பிட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு வகைச் சாப்பாடு, அதுவும் வெவ்வேறு சமையற்காரர்கள் செய்ததாக, சாப்பிட வேண்டும். இன்று பல விமான நிறுவனங்களில் கேப்டன் கோழி எடுத்தால் துணை விமானி காய்கறியோ பாஸ்தாவோ எடுத்துக்கொள்கிறார்.