காக்பிட்டில் காலியான நாற்காலிகள்

1/ பைலட்டே இல்லாத விமானத்துல ஏறுவீங்களானு கேட்டா, நிறைய பேர் "ஐயோ, ஆளை விடுங்க"னுதான் சொல்வாங்க. ஆனா காக்பிட்டை விட்டு ஏற்கனவே மூணு பேர் போயாச்சு. நாம கவனிக்கவே இல்ல.

2/ 1914 ஜூன், பாரிஸ். லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற 21 வயது இளைஞர், ரெண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டியபடி சென் நதிக்கு மேல விமானத்தில் பறந்தார். அவரோட மெக்கானிக் இறக்கை மேல நடந்து போனார். விமானம் சாயல. கைரோஸ்கோப் அதைத் தானாகவே சமன்படுத்தியது. ஆட்டோபைலட் அவ்வளவு பழசு!

3/ 1950 வாக்கில் கடல் கடக்கும் விமானங்களில் ஐந்து பேர் இருப்பாங்க: ரெண்டு பைலட், வழி கணக்கிட நேவிகேட்டர், ரேடியோ ஆபரேட்டர், இன்ஜின்களைக் கவனிக்க ஃப்ளைட் இன்ஜினியர். கருவிகள் மேம்பட மேம்பட முதல்ல ரேடியோ ஆபரேட்டர், அப்புறம் நேவிகேட்டர் போனாங்க. இன்ஜினியர் விஷயத்தில் மட்டும் பைலட் சங்கங்கள் கடுமையா எதிர்த்தாங்க. 1981-ல் அமெரிக்க அதிபர் நியமித்த குழு, ரெண்டு பேரே போதும், பாதுகாப்புதான்னு சொன்னது.

4/ தரையிறக்கம்? 1965 ஜூன் 10 அன்று பாரிஸிலிருந்து பயணிகளோடு வந்த ஒரு ட்ரைடன்ட் விமானம், லண்டன் ஹீத்ரோவில் தானியங்கி முறையில் தரை தொட்டது.

5/ அப்போ ஏன் இன்னும் ரெண்டு பேர்? ஒரு காரணம், மனுஷ உடம்பு. 1972 ஜூன் 18, ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய இன்னொரு ட்ரைடன்ட், சில நிமிஷத்தில் ஸ்டெயின்ஸ் அருகே விழுந்தது. 118 பேரும் இறந்தாங்க. பிரேதப் பரிசோதனையில் கேப்டனின் இதய ரத்தக்குழாய்களில் தீவிர நோய் இருந்தது தெரிஞ்சது. அது அவரோட கவனத்தையும் முடிவெடுக்கும் திறனையும் பாதிச்சிருக்கும்னு விசாரணை சொன்னது.

6/ ஒரு டாக்டரா என்னை உறுத்துறது இதுதான். மயங்கி விழுந்தா எல்லாருக்கும் தெரியும். லேசான தடுமாற்றம், பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவருக்கே தெரியாம போகலாம். பக்கத்துல யாருமே இல்லைன்னா?

7/ இது கற்பனை இல்ல. நீண்ட பயணங்களில் நடுவானத்தில் ஒரு பைலட் மட்டும் காக்பிட்டில் இருக்க, இன்னொருத்தர் தூங்கப் போகலாமா என்பதை ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்தது. இப்போ இருக்கிற அளவு பாதுகாப்பு அதில் கிடைக்கும்னு காட்ட முடியலனு 2025-ல் சொன்னது.

8/ பயணிகள் ஏத்துக்குவாங்களா? ஏத்துக்குவாங்கனுதான் நினைக்கிறேன். ஐந்து மூணாச்சு, மூணு ரெண்டாச்சு. ஒவ்வொரு தடவையும் டிக்கெட் வாங்கி ஏறினோம். அதனால "பைலட் இருக்காரா?"னு மட்டும் கேட்டா போதாது. "எழுந்து போனவர் பார்த்த வேலையை இப்ப யார் பார்க்கிறாங்க, அதை யார் சோதிச்சாங்க?"னு கேட்கணும். நாற்காலி காலியாகுறதுக்கு முன்னாடியே கேட்கணும்.