இரண்டு வெள்ளை: வரைபடத்தில் எழுத்து காணாமல் போகும் கதை



வீடு கட்டும் பிளானில் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த எழுத்து, பிரிண்ட் எடுத்ததும் காணாமல் போனது ஏன் என்று போன மாதம் குடும்பத்தில் பெரிய பேச்சு. "கம்ப்யூட்டர் கோளாறு" என்றார்கள் சிலர். "பிரிண்டரில் மை இல்லை" என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை. இது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே வரைபடக்காரர்களைத் தொல்லை செய்யும் சங்கதி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். வரைபட வேலையில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள்.

நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறேன். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் உளி போடும் முன் கல்லின் மேல் கோடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கருங்கல்லில் செங்காவியால் போடுவார்கள். சாம்பல் நிறக் கல்லில் கரிக்கோடு எடுபடாது, காவி பளிச்சென்று தெரியும். வெள்ளைத் தாளில் வரையும்போது அதே சிற்பி கறுப்புப் பென்சிலைத்தான் எடுப்பார். 1957-இல் அங்கே தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. தாளில் வரைவதையும் கல்லில் வரைவதையும் பிள்ளைகள் இரண்டையும் கற்கிறார்கள். கோடு ஒன்றுதான். கோட்டின் நிறத்தை முடிவு செய்வது அதன் கீழே இருக்கும் தளம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுவதும் இதற்குள் அடக்கம்.

அடுத்து தாள். தாளில் நில அளவை என்றால் செங்கல்பட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இதை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். ஏறக்குறைய 2000 ஊர்கள். பிறகு 1802 ஏப்ரலில், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய வேலைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

இப்படி அளந்ததையெல்லாம் தாளில் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் கறுப்பில் போட்டால் ஆறு எது, பாதை எது, எல்லை எது என்று தெரியாது. அதனால் நிறம் வந்தது. முதலில் கையால் பூசினார்கள், பிறகு அச்சிலேயே வந்தது. இந்திய நில அளவைத் துறை வரைபடத்தைப் பள்ளியில் உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். காடு பச்சை, சாகுபடி நிலம் மஞ்சள், சம உயரக் கோடு பழுப்பு, குடியிருப்பு சிவப்பு. தண்ணீர் ஓடும் ஆறு நீலம், வறண்டு கிடக்கும் ஓடை கறுப்பு. பாலாற்றங்கரையில் வளர்ந்த நமக்கு இந்தக் கடைசி வேறுபாட்டின் அருமை தெரியும். அதாவது நிறம் அலங்காரம் அல்ல, அது ஒரு சொல். நீலத்தைக் கறுப்பாக மாற்றினால் ஆற்றில் தண்ணீர் இல்லை என்று பொருள் மாறிவிடும்.

நிறம் சொல்லாக இருக்கும்போது, அந்தச் சொல் காணாமல் போனால் என்ன ஆகும்? அந்தச் சோதனை முதலில் புளூபிரிண்ட்டோடு வந்தது.

1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி இரும்பு உப்புகளைத் தாளில் பூசி வெயிலில் காட்டினால் நீலமாக மாறும் என்று கண்டுபிடித்தார். வரைபடத்தை டிரேசிங் தாளில் கறுப்பு மையால் வரைந்து, அந்தத் தாளின் மேல் வைத்து ஒளி காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் நீலம் ஆகும். கோடு மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். ஒரே படத்தை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். அதுவரை ஒவ்வொரு பிரதியையும் கையால் வரைந்து வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய வரம்.

ஆனால் வரத்தோடு ஒரு இழப்பும் வந்தது. அசலில் சிவப்பில் போட்ட கோடும் கறுப்பில் போட்ட கோடும் பிரதியில் ஒரே வெள்ளை. வெளிர் நிற மை ஒளியைக் கசிய விட்டால் கோடே மங்கிப் போகும். நிறத்தில் சொன்ன செய்தி பிரதிக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் வரைபடக்காரர்கள் வேறு மொழி கற்றார்கள். நிறத்துக்குப் பதில் கோட்டின் வடிவம். மறைந்திருப்பது விட்டு விட்டுப் போட்ட கோடு, நடுக்கோடு ஒரு நீளம் ஒரு புள்ளி, வெட்டிய பகுதிக்குச் சாய்வு வரிகள். இன்றும் ஐ.டி.ஐ.யில் சிவில் டிராப்ட்ஸ்மேன் படிக்கும் பிள்ளைகள் முதலில் கற்பது இதைத்தான்.

புளூபிரிண்ட்டுக்குப் பின் அம்மோனியா பிரிண்ட் வந்தது. அது நேர்மாறு. தாள் வெள்ளையாகவே இருக்கும், கோடு நீலமாக விழும். என் வயதுக்காரர்களுக்கு அந்த மூக்கைத் துளைக்கும் நெடி நினைவிருக்கும்.

இப்போது ஒரு அலுவலகத்தில் மூன்று விதத் தாள் வந்து சேர்கிறது. வெள்ளைத் தாள், நீலத் தாள், அம்மோனியா தாள். பழைய கட்டடத்தை எந்த நிறத்தில் காட்டுவது? நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இதற்கு ஓர் அட்டவணையே உண்டு. ஏற்கெனவே இருக்கும் கட்டடம் வெள்ளைத் தாளில் கறுப்பு, புளூபிரிண்ட்டில் வெள்ளை, அம்மோனியா பிரிண்ட்டில் நீலம். இடிக்கப்போவது மஞ்சள் வரிகள், புதிதாகக் கட்டப்போவது சிவப்பு. எவ்வளவு தெளிவு பாருங்கள். "பழைய கட்டடம்" என்ற பொருள் மாறவில்லை. தளம் மாறும்போது நிறம் மாறுகிறது.

நம் கிராமத்து நில அளவைப் புலப்படத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. உட்பிரிவு செய்யும்போது புதிய கோட்டைச் சிவப்பு மையில் போடுவது வழக்கம். அதை ஜெராக்ஸ் எடுத்தால் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகிவிடும். எது பழைய எல்லை, எது அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட கோடு என்று தெரியாமல் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் நம் உறவிலும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம்.

1982 டிசம்பரில் அமெரிக்காவில் ஆட்டோகேட் வெளிவந்தது. அந்த நாள் திரைகள் கறுப்பு. பிரதி எடுக்க பிளாட்டர் என்ற எந்திரம், அதில் நாலைந்து பேனாக்கள் செருகியிருக்கும். கம்ப்யூட்டரில் ஒரு கோட்டுக்குச் சிவப்பு என்று கொடுத்தால் அதற்கு "1-ஆம் எண்" என்று பொருள். 1-ஆம் எண்ணுக்கு எந்தப் பேனா என்பதை அலுவலகம் தீர்மானிக்கும். பெரும்பாலும் எல்லாப் பேனாவிலும் கறுப்பு மைதான், மொத்தம் மட்டும் வேறு. ஆக, திரையில் சிவப்பு என்பது தாளில் "மெல்லிய கறுப்பு" என்று விழும். நிறம் மறுபடியும் ஒரு குறிச்சொல் ஆனது. 1999-இல் வந்த ஆட்டோகேட் 2000-இல் இந்தப் பட்டியலை சி.டி.பி. என்ற கோப்பாக வைத்தார்கள். 'மோனோகுரோம்' என்ற சி.டி.பி.யைத் தேர்ந்தெடுத்தால் 255 எண் நிறங்களும் கறுப்பாகவே அச்சாகும்.

இந்த எண் நிறங்களில் 7-ஆம் எண் ஒரு விசித்திரம். கறுப்புத் திரையில் அது வெள்ளை. திரையை வெள்ளையாக்கினால் அது கறுப்பு. தாளிலும் கறுப்பு. கரும்பலகையில் நான் வெள்ளைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவேன், நீங்கள் நோட்டில் நீல மையால் எழுதிக்கொள்வீர்கள். "டீச்சர் வெள்ளையில் எழுதினாங்களே, நோட்டிலும் வெள்ளையிலா எழுதணும்" என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. பலகை மாறினால் எழுத்தின் நிறம் மாறும் என்பது சொல்லாமலே உங்களுக்குப் புரிந்தது. 7-ஆம் எண்ணுக்குப் புரிந்திருப்பதும் அதுவே. கட்டட விதித்தொகுப்பின் அட்டவணைக்கும் அதற்கும் ஒரே அறிவு.

2003-இல் வந்த ஆட்டோகேட் 2004-இல் 'ட்ரூ கலர்' சேர்ந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 0 முதல் 255 வரை கலந்து எந்த நிறமும் கொடுக்கலாம். மூன்றையும் 255 வைத்தால் வெள்ளை. இந்த வெள்ளை உண்மையான வெள்ளை, தளத்தைப் பார்த்து மாறாது. சி.டி.பி. பட்டியலும் இதைத் தொடாது, ஏனென்றால் அந்தப் பட்டியல் எண் நிறங்களுக்கு மட்டும்தான். கறுப்புத் திரையில் 7-ஆம் எண்ணும் இந்த வெள்ளையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. தாளில் ஒன்று கறுப்பாக நிற்கும், மற்றது வெள்ளைத் தாளில் வெள்ளையாக மறைந்துவிடும்.

இனி நம் வீட்டுச் சம்பவம். என் தங்கை மகன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரை ஊரில் வீடு கட்டுகிறான். பிளான் வரைந்தது என் பழைய மாணவன். மேஸ்திரி படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "டீச்சர், கிணத்துக்கும் கழிவுக்குழிக்கும் நடுவுல அம்புக்குறி ரெண்டு பக்கமும் இருக்கு. எண் இல்லையே, எத்தனை அடி விடணும்?"

அந்த எண் சாதாரண எண் அல்ல. கழிவுநீர் உறிஞ்சும் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. கடலோர மணலில் தண்ணீர் வேகமாக ஊறிப் பரவும். மேஸ்திரி கேட்காமல் பக்கத்திலேயே தோண்டியிருந்தால் அந்த வீட்டுக் குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் என்ன ஆகியிருக்கும்?

மாணவனைக் கூப்பிட்டேன். "டீச்சர், என் ஸ்கிரீன்ல 18 மீட்டர்னு தெளிவா இருக்கு" என்றான். பொய் இல்லை, இருந்தது. கோட்டையும் அம்பையும் லேயரின் நிறத்தில் வைத்திருந்தான், அவை கறுப்பாக அச்சாயின. எண்ணின் நிறம் மட்டும் வேறு ஒருவரின் படத்திலிருந்து வந்த அளவுக்குறிப்பு ஸ்டைலில் தனியாக அமைந்திருந்தது: 255, 255, 255. மாடல் பக்கத்திலிருந்தே, கறுப்புத் திரையைப் பார்த்தபடி பிரிண்ட் கொடுத்திருக்கிறான். வெள்ளைத் தளம் அவன் கண்ணில் படவே இல்லை.

இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்காக அவன் சரிசெய்த முறையைச் சொல்கிறேன்.

ஒன்று, திரையின் பின்னணியை வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். 7-ஆம் எண் கறுப்பாகும். உண்மை வெள்ளை காணாமல் போகும். ஒரு நிமிட வேலை.

இரண்டு, காணாமல் போன எழுத்தைத் தேர்ந்தெடுத்து அதன் நிறம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். லேயர் என்பது வகுப்புச் சீருடை. 'பைலேயர்' என்றால் சீருடையில் வந்த பிள்ளை. ஆனால் ஒரு பொருளுக்குத் தனி நிறம் கொடுக்கலாம், அளவுக்குறிப்பு ஸ்டைலில் கோட்டுக்கு ஒன்று எண்ணுக்கு ஒன்று கொடுக்கலாம், பத்தி எழுத்துக்குள்ளேயே ஒரு சொல்லுக்கு மட்டும்கூடக் கொடுக்கலாம். லேயரை மாற்றியும் நிறம் மாறவில்லை என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

மூன்று, ஸ்டைலில் எழுத்தின் நிறத்தைப் பைலேயர் ஆக்குங்கள், லேயருக்கு 7-ஆம் எண் கொடுங்கள். வேறு அலுவலகத்துப் படத்திலிருந்து எதையாவது ஒட்டினால் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

நான்கு, அனுப்பும் முன் அச்சு முன்னோட்டத்தைப் பாருங்கள். அதிலும் முக்கியமான அளவுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள்.

நம் கடற்கரையில் கோடுகளுக்கு எடை அதிகம். 1991 பிப்ரவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு வைத்தது. 2010-இல் திருத்திய தொல்லியல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. மீனவர் குடும்பம் ஒன்று வீட்டைப் பெரிதாக்கலாமா கூடாதா என்பதைப் படத்தில் ஒரு கோடும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் முடிவு செய்கின்றன. அந்த எண் தாளில் தெரியாவிட்டால், அதைக் கேட்க வேண்டியவருக்கு அப்படி ஓர் எண் இருக்கிறது என்பதே தெரியாது.

வரைபவர் திரையைப் பார்க்கிறார். கட்டுபவர் தாளைப் பார்க்கிறார், இல்லையென்றால் வெயிலில் நின்று போனில் பி.டி.எஃப். பார்க்கிறார். படம் யாருக்காக வரையப்படுகிறதோ அவர் கையில் இருக்கும் தளத்தில்தான் அது சரியா என்று பார்க்க வேண்டும்.

மேஸ்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. அம்புக்குறி இருந்து எண் இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். இரண்டு இன்ஜினியர்கள் பார்த்தும் விட்டதை எட்டாவது வரை படித்த ஒரு மேஸ்திரியின் கேள்விதான் பிடித்தது. குழி இப்போது கிணற்றிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள். பேரப்பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.