தறி நிற்கும் நேரம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு மண்பானைகள் பிரிமணை மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். பொங்கலுக்கு வாங்கி, எடுத்து வைக்க மறந்தவை என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். கிட்டே போய்க் குனிந்தால்தான் பானையின் வாயில் எட்டு அங்குல பிலிப்ஸ் ஸ்பீக்கர் உட்கார்ந்திருப்பது தெரியும். ப்ளைவுட் வளையம் வெட்டி, எம்-சீல் வைத்து ஒட்டி, அதில் நாலு திருகு. காகிதக் கூம்பு பழுத்துவிட்டது. நடுவில் தாமரை மொட்டு மாதிரி இன்னொரு சின்னக் கூம்பு. பானைகளுக்கு வயது 35-க்கு மேல். பின்னால் இருந்த ஆம்ப்ளிஃபயர், தட்டு சுற்றும் யந்திரம், ஊசி, ஒயர் எல்லாம் மூன்று நான்கு தலைமுறை மாறிவிட்டன. பானை மாறவில்லை.

செட்டைக் கட்டியவர் என் தாய்மாமன். மாமாவுக்குத் தொழில் திருத்தணியில் மைக் செட். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிகள் ஆந்திரத்திலிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் மலையேறும் நாட்களில் அவரைத் தரையில் பார்க்க முடியாது; ஏணி மேல்தான் இருப்பார். டிசம்பர் 31 ராத்திரி, வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழாவில் 365 படிக்கும் திருப்புகழ் பாடிக்கொண்டு கோஷ்டிகள் ஏறும்போது, அடிவாரத் தெருவில் அவர் கட்டிய குழாய்கள் விடிய விடியப் பேசும். தெலுங்கில் திட்டுவார், தமிழில் ரிப்பேர் பார்ப்பார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்தை விட்டுச் சென்னை மாநிலத்துக்கு வந்தது. "ஊர் வந்துடுச்சு, உங்க மாமா நாக்கு இன்னும் பஸ்ஸுக்கு நிக்குது" என்பாள் அத்தை.

மைக் செட்காரருக்கு வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் ஆசை வந்ததே ஒரு குறையால்தான். குழாய் ஸ்பீக்கர் தூரத்துக்குப் பேசும், மேல் ஸ்தாயியில் மட்டும் பேசும். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது வாயைத் திறக்காது. மிருதங்கத்தின் வலந்தலை தெருக்கோடி வரை கேட்கும்; இடது கைத் தொப்பியில் ரவைப் பசை அப்பி வாங்குகிற கும்கி காணாமல் போய்விடும். மாமாவுக்குச் சாமி மாதிரி பாலக்காடு மணி அய்யர். மைக்கால் நாதம் கெடுகிறது, மைக் இல்லாமல்தான் வாசிப்பேன் என்று ஒரு காலத்தில் நின்ற மனிதர். அவர் படத்தைக் கடையில் மாட்டி, அதற்கு நேர் கீழே மைக் வாடகைக்கு விட்டவர் எங்கள் மாமா. இந்த மலையில் கிழவர் ஒருவர் முத்துசுவாமி தீட்சிதர் வாயில் கற்கண்டு போட, அவர் தம் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்பது ஐதீகம். "அவருக்குக் கற்கண்டு, எனக்குக் குழாய்" என்று மலையைப் பார்த்து முறைப்பார்.

முதலில் வந்தது தட்டு சுற்றும் யந்திரம். திருத்தணியில் ரயில் ஏறினால் சென்ட்ரல். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே மூர் மார்க்கெட். பழைய புத்தகம், பழைய கடிகாரம், பழைய இசைத்தட்டு எல்லாம் ஒரே கூரைக்குள் கிடந்த இடம். யாரோ வீட்டு ரேடியோகிராமிலிருந்து கழற்றிய கேரார்டு சேஞ்சர் ஒன்றை மாமா அங்கே பேரம் பேசி வாங்கி, கோணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இங்கிலாந்தின் ஸ்விண்டனில் செய்தது. 16, 33, 45, 78 என்று நாலு வேகம். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர்ச் சக்கரம் அழுத்திக்கொண்டு சுற்றும். எங்கள் ஊர் வெயிலில் அந்த ரப்பர் இறுகி, ஓரிடத்தில் சப்பையாகிவிட்டது. ஊசியை வைத்தால் பாட்டுக்கு அடியில் விடாமல் தொம்தொம். தொப்பி கேட்க ஆசைப்பட்டவருக்கு முருகன் கொடுத்த முதல் தொப்பி அதுதான். உப்புத்தாளில் மூன்று நாள் தேய்த்து ஓரளவு சமன் செய்தார்.

அதே வழியாகத்தான் தட்டுகளும் வந்தன. கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சாகி, சென்னையில் யாரோ கேட்டுச் சலித்து, மூர் மார்க்கெட்டில் தூசி குடித்து, அரக்கோணம் தாண்டி எங்கள் கூடத்துக்கு வந்தவை. கண்டசாலா பாதி, டி.எம்.எஸ். பாதி, எல்லை ஊரின் அலமாரி வேறு எப்படி இருக்கும்? பழைய 78 தட்டுகள் அரக்குக் கலவை, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம், கை தவறினால் அப்பளம். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் முனையம்; பெயர் மட்டும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். திருத்தணி லோக்கலில் போய் அங்கே இறங்கும்போதெல்லாம், தட்டு விற்ற கடை இந்த நடைமேடையில் எந்தப் பெட்டி நிற்கிற இடத்தில் இருந்திருக்கும் என்று கணக்குப் போடுவது எனக்கு வழக்கம்.

கேரார்டின் ஊசி திருப்பிப் போடும் வகை. ஒரு பக்கம் 78-க்கு, மறுபக்கம் எல்.பி.க்கு. 78-இன் பள்ளம் அகலம், அதற்குத் தடித்த முனை, எல்.பி.க்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். திருப்ப மறந்து எல்.பி.யில் 78 ஊசியை இறக்கிய குற்றத்துக்கு எனக்கு ஒரு வாரம் கூடத்துக்குள் நுழைவு இல்லை. ஆனால் மாமாவே செய்த பெரிய தப்பு வேறு. தமிழில் முதல் ஸ்டீரியோ இசைப்பதிவு என்று பேர் வாங்கிய 'ப்ரியா' (1978) எல்.பி.யை வாங்கி வந்து, மோனோ கார்ட்ரிட்ஜில் ஓட்டினார். மோனோ ஊசி பக்கவாட்டில் அசைந்தால் போதும் என்று கட்டியது. ஸ்டீரியோ பள்ளமோ ஊசியை மேலும் கீழும்கூட ஆடச் சொல்லும். ஆட மறுத்த ஊசி பள்ளத்தை உழுதுவிட்டது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் வந்து சேர்ந்தபோது அந்தத் தட்டில் மிச்சமிருந்தது பாதிக்கு மேல் சரசரப்பு. அதை இன்னும் வைத்திருக்கிறேன். புது ஊசி போட்டதும் முதலில் ஓட்டிப் பார்ப்பது அதைத்தான். அதற்கு மேல் கெட இடமில்லை.

ஆம்ப்ளிஃபயர் என்று முதலில் இருந்தது, வாடகைக்கு ஓடி ஓடிக் களைத்துப்போன வால்வு செட். நாலு வால்வும் செவசெவ என்று எரிய, மார்கழியில் அத்தை அதன் மேல் கை காய்ச்சுவாள். அதன் வியாதி ஹம். ஹம் என்றால் ஏதோ இரைச்சல் என்று நினைக்கக் கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 5 கட்டை ஸ்வரத்தின் கீழ் ஸ்தாயி 49. அதாவது எங்கள் செட் சதா 5 கட்டைச் சுருதி பிடித்தது, மயிரிழை ஏற்றி. 5 கட்டையில் பாடும் பெண்மணி என்றால் ஷட்ஜம் ஏறி நிற்கும். 1 கட்டையில் பாடும் ஆண் என்றால் பஞ்சமம் ஏறி நிற்கும். தம்புரா என்று ஒன்று தட்டில் இருக்கிறதே, அது இந்தப் போலித் தம்புராவுக்குள் முங்கிவிடும். வைத்தியம் கொல்லைப்புறத்தில் இருந்தது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு மாமா புதுசாக மூடினார். கோடையில் குழி காய்ந்தால் ஹம் திரும்பி வந்துவிடும். எம்.எஸ்.ஸின் வேங்கடேச சுப்ரபாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டே "ஒரு குடம் ஊத்திட்டு வாடா" என்பார். வேப்பமரத்துக்கு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைப் பாராட்டுவாள்.

பானைக்கு வருகிறேன். ஸ்பீக்கரைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டு பாட வைத்தால் கீழ்ச் சத்தம் வராது; கூம்பின் முன்னால் புறப்படுகிற அலையைப் பின்னால் புறப்படுகிற அலை சுற்றி வந்து அடித்துவிடும். இரண்டையும் பிரிக்க ஒரு பெட்டி வேண்டும். பெட்டிக்குத் தச்சன் சொன்ன கூலியைக் கேட்டு மாமா குயவரிடம் போனார். அந்தக் காலத்தில் டீக்கடையிலும் சலூனிலும் பானை ஸ்பீக்கர் சகஜம்தான். ஆனால் மாமா பதினேழு பானைகளைத் தட்டிப் பார்த்து, ஒரே சுருதியில் பேசின இரண்டைப் பொறுக்கினார். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் 1950-களின் தொடக்கத்திலேயே கனசதுரம், உருளை, கூம்பு என்று பல வடிவப் பெட்டிகளைச் சோதித்து, ஒலி மேடு பள்ளம் இல்லாமல் வருவது உருண்டையில்தான் என்று காட்டியிருக்கிறார். மூலை இல்லை, விளிம்பு இல்லை, அதனால் அலை இடறி விழ இடமில்லை. ஓல்சனை மாமா கேள்விப்பட்டதில்லை. நான் படித்துச் சொன்னபோது, "அவரும் தச்சன் கூலி கேட்டிருப்பார்" என்றார்.

உருண்டைக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. உள்ளே ஒரே ஒரு ஸ்வரத்தில் 'ங்' என்று ரீங்கரிக்கும். அதை அடக்க ஏதாவது அடைக்க வேண்டும். எங்கள் தெருவில் அடைக்கக் கிடைப்பது ஒன்றுதான், தறியில் விழுகிற கழிவு நூல். ஒரு பிடி வைத்தால் ரீங்காரம் பாதி, இரண்டு பிடி வைத்தால் முக்கால், ஐந்தாவது பிடியில் பாட்டே மூச்சுத் திணறும். மூன்றரைப் பிடியில் நிறுத்தினார். அன்று ராத்திரி மணி அய்யர் வாசித்த தட்டு ஒன்றைப் போட்டோம். தொப்பி வந்தது. பானையின் வயிற்றில் கையை வைத்தால் விரலுக்கே தெரிந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை; எழுந்து போய் வால்யூமைக் குறைத்தார். தொப்பி அப்போதும் இருந்தது.

ராத்திரி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. திருத்தணி, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், எல்லை தாண்டினால் நகரி, எல்லாம் நெசவுச் சீமை. எங்கள் வீட்டுக்கு எதிரே நாலு விசைத்தறி, பக்கத்தில் ஆறு. தறிக்கொட்டகைக்குள் 90 டெசிபலுக்கு மேல் போகும். ஒரு தறி நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது முறை நாடாவை அடிக்கும். பத்துத் தறி பத்துக் காலப்பிரமாணம். விளம்பத்தில் ஒரு கீர்த்தனை போட்டால் தெருவே துரிதத்தில் தாளம் போடும். கரண்ட் போனால் தறி நிற்கும். அடடா, என்ன அமைதி என்று எழுந்தால் செட்டும் செத்துக் கிடக்கும். கரண்ட் இருந்தால் தறி, தறி இல்லாவிட்டால் கரண்ட் இல்லை. எந்த ஊர் ஆடியோ பைத்தியத்துக்கும் இப்படி ஒரு கட்டம் போட்டிருக்காது ஜாதகத்தில்.

வழி 2012-இல் பிறந்தது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரமே இல்லாத மாதங்கள். தெரு முழுக்க நெசவாளிகள் திண்ணையில் உட்கார்ந்து கடன் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பாட்டுக் கேட்கும் ஆசை கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆசை போகவில்லை. இன்வெர்ட்டர் வைத்துப் பார்த்தோம், அது ஹம்முக்குப் பெரியண்ணன். கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் 4440 ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்று வாங்கினேன். சான்யோவின் ஐ.சி., காரில் பாட்டுக் கேட்கப் பயன்பட்டது, 12 வோல்ட் போதும். பக்கத்துக்கு ஆறு வாட். எங்கள் எட்டு ஓம் ஸ்பீக்கரில் அதிலும் பாதி. பெரிய ஆம்ப் வைத்திருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பழைய காகிதக் கூம்புக்கு மூன்று வாட் விருந்து. தட்டுக்கு, 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிற பெல்ட் வகை யந்திரம் ஒன்று. அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு டிராக்டர் பேட்டரியில் கட்டினேன்.

மத்தியானம் இரண்டு மணி. கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறி நின்ற பிறகும் காதுக்குள் ஒரு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியை இறக்கினேன். ஹம் இல்லை, ஏனென்றால் பேட்டரிக்கு ஹெர்ட்ஸ் கிடையாது. சுப்ரபாதத் தட்டு 1963-இல் வந்தது. எத்தனையோ வருஷம் அதை ஓட்டியிருக்கிறேன். குரல் எழும்புவதற்கு முன்னாலேயே தம்புரா அங்கே உட்கார்ந்திருப்பதை அன்றுதான் கேட்டேன். ஒரு தந்தி மீட்டி ஓய்வதற்குள் அடுத்தது, அதன் மேல் ஒளிக்கீற்று மாதிரி மேல் ஸ்வரங்கள்.

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். "தம்புரா எங்கடா?" என்றார். "இதோ, ஓடுதே மாமா." தலையைச் சாய்த்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். நாற்பது வருஷம் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற காது. பெருஞ்சத்தம் முதலில் தின்பது மேல் ஸ்தாயியைத்தான். தம்புராவின் உயிர் முழுக்க அங்கேதான் இருக்கிறது. "தொப்பித் தட்டைப் போடு" என்றார். போட்டேன். பானை மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு செட்டில் நான் மாற்றியது அதிகமில்லை. மாறுவதெல்லாம் கூடம்தான். மெட்ராஸ் டெரஸ் கூரை, சிமெண்ட் தரை, வெற்றுச் சுவர் என்பதால் கை தட்டினால் திரும்பத் தட்டும் கூடம் அது. எதிர் வீட்டு அண்ணன் இடம் போதாமல் லுங்கிக் கட்டுகளை எங்கள் பின்சுவர் ஓரம் அடுக்கத் தொடங்கியபோது அந்த எதிரொலி அடங்கியது. எட்டடி உயரத்துக்குத் துணி நின்றால் எந்தச் சத்தத்துக்கும் திரும்பி வர மனசு வராது. சரக்கு ஏறிப் போன வாரம் குரலெல்லாம் கிணற்றடியில் பாடுகிற மாதிரி ஆகிவிடும். செட் கெட்டுப்போச்சு என்று முதல் தடவை இரண்டு நாள் ஒயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது எதிரே இரண்டு தறிதான் ஓடுகிறது. போன வாரம் சுவர் மறுபடி வெறிச்சென்று இருக்க, அண்ணன் வீட்டுப் படியில் போய் நின்றேன். பாவு இழை ஒன்று அறுந்திருந்தது. தறியை நிறுத்திவிட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"பாட்டு ரூமுக்கா?"

"ஆமாண்ணே."

"நாலு கட்டு தரேன். வெள்ளிக்கிழமை நகரி வண்டி வந்துடும், அதுக்குள்ள கேட்டு முடிச்சிடு."