கதவின் பிடி



ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர்களின் போர்களையும் ஆணைகளையுமே நாடுவர். கோட்டை வாயிலின் பெருங்கதவுக்கு ஏட்டிலே இடமுண்டு. வீட்டு அலுமாரியின் சிறு கதவுக்கு இடமில்லை. ஆயினும் அச்சிறு கதவிலே தளர்ந்து ஆடும் குமிழ் ஒன்றைக் காட்டி, ‘இஃது ஏன் ஆடுகிறது?’ என்று வினவுவோமாயின், அவ்வினா நம்மை எம்பக்கைத் தேவாலயத்துக்கும், பேர்மிங்ஹாம் நகரத்து ஆணித் தொழிலுக்கும், நமது மலைநாட்டுத் தேயிலைப் பெட்டிக்கும் அழைத்துச் செல்லும். இன்றைய பேச்சில் அவ்வழியே சிறிது தூரம் செல்வோம்.

கண்டி நகரின் வடபால், கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் அமைந்தது மஹய்யாவ. நகரத்தின் தெருக்களையும் வடிகால்களையும் தூய்மை செய்வதற்கென ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். நெருங்கிய மனைகள், ஒடுங்கிய அறைகள். அத்தகைய வீட்டிலே அலுமாரி என்பது துணி வைக்கும் இடம் மட்டுமன்று. பெட்டகமும் அதுவே, புத்தக அடுக்கும் அதுவே. தாயின் கூறைப் புடவையும், பிள்ளையின் பாடப் புத்தகமும், குடும்பத்தாரின் பிறப்புப் பதிவுகளும் ஒரே கதவின் பின்னால் உறைகின்றன. இக்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் அலுமாரிகள் பலவற்றில் அக்கதவு உள்ளே வெறுமையானது. வெளியிலிருந்து பார்த்தால் கனத்த பலகை போலத் தோன்றும். விரலால் தட்டினாலோ மேளம் போல ஒலிக்கும். அக்கதவில் முதலில் நோய்வாய்ப்படுவது குமிழ்தான்.

நம் முன்னோரின் கதவுக்கு இந்நோய் அரிது. பலாவும் தேக்கும் முதிரையும் கொண்டு செய்த பழைய கதவு, மேலும் கீழும் குடுமி விட்டு, நிலையிலும் படியிலும் குடைந்த குழிகளில் நின்று சுழன்றது. அதற்குப் பிடியாக அமைந்தது இரும்பு வளையம். அவ்வளையத்தைத் தாங்கிய இரும்பின் இரு கால்களும் பலகையை முழுவதும் ஊடுருவி மறுபுறம் வெளிவர, கொல்லன் அவற்றை இரு பக்கமும் மடக்கி அடித்துவிடுவான். வளையத்தை எத்தனை முறை இழுத்தாலும், அந்த இழுப்பைத் தாங்குவது பலகையின் முழுத் தடிப்புமாகும். வேலை எளியது, ஆயினும் அதனுள் ஒரு விதி அடங்கியிருக்கிறது. பற்ற வேண்டிய பொருள் மறுபுறம் வரை சென்று பற்றுதல் வேண்டும் என்பதே அவ்விதி.

இவ்விதியைக் கண்டிப் பகுதியின் தச்சர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்கு எம்பக்கைத் தேவாலயம் சான்று பகரும். கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தோடு, அதாவது 1357 முதல் 1374 வரையான காலத்தோடு, தொடர்புபடுத்தப்படும் அத்தலம் கதிர்காமக் கடவுளுக்குரியது. அங்குள்ள மண்டபத்தின் மரத்தூண்களில் செதுக்கிய அன்னமும் மல்லரும் ஆடல் மகளிரும் கண்டோர் மனத்தைக் கவர்வர். ஆனால் சிற்பத்தைக் கண்டு மகிழ்ந்தவர் ஒரு கணம் கூரையையும் அண்ணாந்து நோக்குதல் நன்று. அதன் ஒரு முனையில் 26 கைமரங்கள் வந்து கூடுகின்றன. அவையனைத்தையும் ஒரே மர முளை கவ்விப் பிடித்து நிற்கிறது. ‘மடொல் குருபாவ’ என்பது சிங்களத்தில் அதன் பெயர்.

அயலிலுள்ள கடலாதெனிய விகாரையையும் லங்காதிலக விகாரையையும் நோக்குங்கள். இரண்டும் 1344ஆம் ஆண்டோடு தொடர்புடையவை. கடலாதெனியவை அமைத்த தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி என்று கல்வெட்டுக் கூறுகிறது. லங்காதிலகத்தில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பாறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. கைவினை மொழிவேலி அறியாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இத்தகைய கண்டிக் கைவினைகளின் சீர்மையை உலகுக்கு எடுத்துரைத்த பெருமையும் ஒரு தமிழருக்கே உண்டு. 1877இல் கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலில், ஓவியத்தையும் சிற்பத்தையும் போலவே மரவேலையையும் இரும்பு வேலையையும் மதித்து ஆராய்ந்தார். ஆதரவு குன்றிய கைவினைஞர் தம் தொழிலை இழந்து வருவதைக் கண்டு அவர் வருந்திய வருத்தம் அந்நூல் முழுவதும் இழையோடுகிறது.

அவ்வருத்தத்துக்குக் காரணம் இருந்தது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின், உள்ளூர்க் கொல்லனின் உலைக்குப் போட்டியாகக் கடல் கடந்து வந்தது தொழிற்சாலைச் சரக்கு. அதில் ஒரு சிறு பொருள் திருகாணி. முன்னாளில் திருகாணி ஒவ்வொன்றும் கையால் அரம் கொண்டு புரி வெட்டப்பட்டது. 1760இல் இங்கிலாந்தின் ஸ்ரபோர்ட்ஷயரைச் சேர்ந்த வயற் சகோதரர்கள் அதனை இயந்திரத்தால் வெட்டும் முறைக்கு உரிமம் பெற்றனர். அப்போதும் ஆணியின் நுனி மழுங்கியே இருந்தது. துளையிடாமல் மரத்துள் இறங்காது. நுனி கூரான திருகாணியை வெட்டும் இயந்திரத்துக்கு 1846இல் அமெரிக்கரான தோமஸ் ஸ்லோன் உரிமம் பெற்றார். அவ்வுரிமையை இங்கிலாந்துக்கு வாங்கியவர் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த நெற்றில்போல்ட் என்பவர். அம்முயற்சியில் அவருடைய மைத்துனர் பணம் முதலிட்டு, 1854இல் தம் பதினெட்டு வயது மகனை அங்கே தொழில் பார்க்க அனுப்பினார். அவ்விளைஞனே ஜோசப் சேம்பர்லேன். திருகாணியால் பெருஞ்செல்வம் ஈட்டி, 1874இல் தொழிலை விட்டு அரசியலில் முழுமையாக இறங்கிய அவர், 1895 முதல் 1903 வரை பிரித்தானியாவின் குடியேற்ற நாட்டு மந்திரியாக விளங்கினார். இலங்கையின் தேசாதிபதிகள் அக்காலத்தில் அறிக்கை அனுப்பியது அவருக்கே. திருகாணி விற்ற கை நம் நாட்டின் விதியையும் திருப்பியது என்று சொன்னால் மிகையாகாது.

திருகாணி அரிய கருவி என்பதில் ஐயமில்லை. மறுபுறம் வரை போகாமலே மரத்தின் உட்புறத்தைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் அதற்குண்டு. அதன் புரிகள் மரநாருக்குள் நுழைந்து கவ்வுகின்றன. எத்தனை புரிகள் மரத்துள் இறங்கினவோ, அத்துணையே பிடிப்பு. எனவே திருகாணியின் வலிமை என்பது திருகாணியில் மட்டும் இல்லை. அது நுழையும் மரத்தின் ஆழத்திலும் இருக்கிறது. கனத்த பலகை உள்ளவரை இவ்வுண்மையை எவரும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. பலகை மெலிந்தபோதுதான் தொல்லை தொடங்கியது.

பலகை மெலிந்த கதை நமது தேயிலையோடு பின்னியது. 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெய்லர் பயிரிட்ட தேயிலை, கோப்பி அழிந்தபின் மலைநாடெங்கும் பரவியது. அத்தேயிலையைக் கடல் கடந்து அனுப்ப, இலேசானதும் உறுதியானதுமான பெட்டி வேண்டும். எஸ்தோனியா நாட்டின் லூதர் தொழிற்சாலை, மரத்தை மெல்லிய தோலாக உரித்து, ஒன்றன் நார் மற்றொன்றின் நாருக்குக் குறுக்காக வரும்படி ஒட்டிய பலகையைச் செய்தது. அதனை விற்க 1897இல் இலண்டனில் வெனெஸ்டா என்ற நிறுவனம் எழுந்தது. அந்த ஒட்டுப்பலகைதான் உலகெங்கும் தேயிலைப் பெட்டியாகியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் நாட்டிலும் காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்தது.

தேயிலைப் பெட்டியைக் கண்ணுற்றோர் ஒன்றை அறிவர். அதன் பலகை மெல்லியது. ஆயினும் ஆணி அப்பலகையை நம்பி நிற்பதில்லை. மூலைகளில் உள்ளே மரச்சட்டம் உண்டு. வெளியே தகர விளிம்பு உண்டு. ஆணி பற்றுவது சட்டத்தையே. வெறும் பெட்டி லயத்து வீடுகளில் மேசையாகவும், அரிசிப் பெட்டியாகவும், கதவிட்டு அலுமாரியாகவும் மறுபிறவி எடுத்தபோதும், அனுபவமறிந்தோர் பிடியைச் சட்டத்திலேயே வைத்து அடித்தனர்.

மெல்லிய பலகைகளைச் சட்டத்தின் இருபுறமும் ஒட்டி நடுவே வெறுமையாக விடும் கதவு, நல்ல பசை வந்தபின் எளிதாயிற்று. 1924இல் அமெரிக்காவில் வில்லியம் மேசன் என்பார், மரச் சிம்புகளை நீராவியால் வெடிக்கச் செய்து அழுத்திப் பலகையாக்கும் முறையைக் கண்டார். செயற்கைப் பிசின்கள் பெருகின. 1940இல் முதன்முதல் பறந்த மொஸ்கிற்றோ என்னும் போர்விமானம், மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பஞ்சு போன்ற பல்சா மரத்தை வைத்து ஒட்டிச் செய்யப்பட்டது. 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபு தம் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் அமைத்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில், இப்பிரதேசத்திற் பறந்த மொஸ்கிற்றோ விமானங்கள் சிலவற்றில் ஒட்டிய மூட்டுகள் பிரிந்தமை கண்டு, பல விமானங்கள் சோதனைக்காகப் பறக்காமல் நிறுத்தப்பட்டன. இதிலிருந்து நாம் அறிவது இரண்டு. நடு இலேசாக இருப்பது தன்னளவிற் குறையன்று. வானத்திற் பறக்கும் வலிமையும் அதற்கு உண்டு. ஆனால் ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டில் மூட்டைக் கவனிக்காவிட்டால் அது நிலைக்காது. போர் முடிந்தபின் இத்தகைய கதவுகள் உலகெங்கும் மலிந்தன. இன்று பலவற்றின் நடுவே தேன்கூடு போல் மடித்த காகிதமே இருக்கிறது.

இனி நம் குமிழுக்கு வருவோம். அக்கதவின் மேற்பலகை சுமார் 3 மில்லிமீற்றர் தடிப்புடையது. அதற்குள் சாதாரணத் திருகாணியின் ஓரிரு புரிகளுக்கு மேல் இடமில்லை. அதற்கப்பால் வெற்றிடம். நாள்தோறும் இழுக்க இழுக்க அச்சிறு பிடிப்புத் தேய்ந்து துளை அகல்கிறது. நாம் என்ன செய்கிறோம்? திருப்புளியை எடுத்து மேலும் இறுக்குகிறோம். இறுக்குந்தோறும் துளை பெரிதாகிறது. தீக்குச்சியைப் பசையில் தோய்த்துத் துளையில் செருகும் பழைய உபாயம் கனத்த மரத்துக்கு நன்று. வெற்றுக் கதவிலே குச்சி அழுந்தி நிற்க மரம் ஏது?

மருந்து பழைய கொல்லனின் விதியிலேயே இருக்கிறது: மறுபுறம் வரை செல்க. குட்டைத் திருகாணியை நீக்கிவிட்டு, கதவை முழுதும் ஊடுருவும் போல்ட் ஒன்றை உள்ளேயிருந்து செலுத்தி முன்புறத்துக் குமிழில் முடுக்க வேண்டும். உட்புறத்தில் அகன்ற வாசர் அல்லது சிறு தகடு ஒன்றை வைத்தால், இழுப்பு ஒரு புள்ளியில் விழாமல் பரந்து தாங்கப்படும். ஆனால் ஒன்று கவனிக்க. நடு வெறுமையாதலால், அளவுக்கு மேல் இறுக்கினால் இரு பலகைகளும் உள்ளே குழிந்துவிடும். இதனைத் தடுக்க, கதவின் உள்ளிடைவெளிக்குச் சரியான நீளமுள்ள சிறு குழாயை, அல்லது துளையிட்ட மரத்துண்டை, நடுவே வைத்து அதனூடே போல்ட்டைச் செலுத்துக. மரத்துண்டைப் பசையிட்டு வைத்து ஒருநாள் காயவிட்டால் நலம். அதுவும் இயலாதாயின், கதவைத் தட்டிப் பார்த்து ஒலி அடங்கிக் கேட்கும் விளிம்புச் சட்டத்துக்கே பிடியை மாற்றுக.

இவ்வளவு சிறிய காரியத்துக்கு இத்தனை சரித்திரம் எதற்கு என்று நேயர் எவரேனும் வினவலாம். கதவின் பின்னால் இருப்பது எது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரஜாவுரிமை கோரியோர், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குச் சான்று எங்கே? தகரப் பெட்டியிலும் தேயிலைப் பெட்டியிலும் அடுக்கிவைத்த காகிதங்களே சான்று. 1964 ஒக்டோபர் 30இல் எழுதப்பட்ட சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974இலேயே முடிவாயிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் இம்மக்கள் காகிதங்களைக் காத்தே காலங் கழித்தனர்.

பாடசாலை அதிபர் என்ற முறையில் முதலாம் வகுப்புச் சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழ்களைக் கையில் வாங்கிப் பார்ப்பது என் கடமை. சில மடிப்புக் குலையாதிருக்கும். சில ஈரம் பட்டு எழுத்துக் கரைந்திருக்கும். பிடி கழன்ற கதவை விளிம்பில் நகம் வைத்து இழுப்பர். விளிம்பில் ஒட்டு விடும். ஒட்டு விட்ட கதவு சரிவரச் சாத்தாது. சாத்தாத கதவின் வழியே கண்டியின் மழைக்கால ஈரமும் பூச்சியும் உள்ளே புகும். கைக்கடங்கிய ஒரு போல்ட்டும் இரண்டு வாசர்களும் இத்தனையையும் தடுக்கும்.

ஆதலின் நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியின் குமிழ் ஆடுமாயின் அதனை மேலும் இறுக்காதீர்கள். கதவைத் தட்டிப் பாருங்கள். உள்ளே மரம் இல்லையென்று ஒலி சொல்லுமாயின், பற்றிக்கொள்ள ஏதேனும் ஒன்றை அங்கே வையுங்கள். எம்பக்கைத் தச்சனுக்கும் வளையம் மடித்த கொல்லனுக்கும் தெரிந்த வித்தை அதுவே.