பன்னிரண்டு மணிக்கு மேல் விளக்கில்லை

இங்கிலாந்தில் கவுன்சில்கள் நள்ளிரவுக்குப் பிறகு தெருவிளக்குகளை அணைக்கத் தொடங்கியபோது, இது இந்தக் காலத்துச் சிக்கனம் என்றே பலரும் நினைத்தார்கள். பெற்றோல் ஷெட்டில் பின்னேர ஷிப்ட் முடித்து, பஸ் ஓடாத நேரத்தில் டோர்ச் வெளிச்சத்தில் வீட்டுக்கு நடக்கிறவன் நான். இது எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தேன். முந்நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வழக்கம் இது.

1680களில் எட்வர்ட் ஹெமிங் என்பவர் லண்டன் தெருக்களில் விளக்கேற்றும் உரிமையை வாங்கினார். பத்து வீட்டுக்கு ஓர் எண்ணெய் விளக்கு. அதுவும் குளிர்கால மாதங்களில், நிலவில்லாத இரவுகளில், மாலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவு வரை மட்டும். இன்றைய கவுன்சில்கள் பலவும் அதே நள்ளிரவைத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன.

1807இல் லண்டனின் பால் மால் தெருவில் வாயு விளக்கு எரிந்தது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. அப்போதும் நிலவுக் கணக்கு போகவில்லை. பல ஊர்களில் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் விளக்கேற்றுகிறவருக்கு வேலையே இல்லை. விளக்கேற்றும் நாட்களின் பட்டியலில் நிலவு இரவு என்று இருந்தால் போதும், வானத்தில் மேகம் மூடிக் கிடந்தாலும் விளக்கு எரியாது. மழைக்கும் மூடுபனிக்கும் பேர்போன நாட்டில் இப்படி ஒரு கணக்கு!

இதை முடிவு செய்தவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1833ஆம் ஆண்டுச் சட்டப்படி, விளக்கு வேண்டுமா என்று கூட்டம் கூடித் தீர்மானித்து, அதைக் கவனிக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தந்தப் பகுதியில் வரி கட்டியவர்கள். செலவு அவர்களுடையது, இரவு பத்து மணிக்குப் படுக்கிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. விடியுமுன் மாவு பிசையப் போன பேக்கரித் தொழிலாளிக்கும், சந்தையில் மூட்டை தூக்கியவருக்கும் அந்தக் கூட்டத்தில் இடமிருந்திருக்காது.

மின்சாரம் வந்த பிறகும் காசுதான் பேசியது. சரே மாவட்டத்தின் கோடால்மிங் ஊர் 1881இல் வே ஆற்று நீரைக் கொண்டு மின்விளக்கு ஏற்றிப் பெயர் பெற்றது. 1884இல் செலவு கட்டுப்படியாகாமல் வாயுவுக்கே திரும்பியது. நாடு முழுவதும் இருண்டது 1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்குப் பயந்து. அந்த மாதம் சாலை மரணங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. நடைபாதை ஓரங்களிலும் மரங்களிலும் வெள்ளை பூசினார்கள்.

இப்போதைய அணைப்பு 2000களின் இறுதியில் வந்தது. எசெக்ஸ் கவுன்சில் சில பகுதிகளில் சோதித்துப் பார்த்துப் பிறகு மாவட்டம் முழுவதற்கும் விரித்தது. 2010க்குப் பின் அரசு மானியம் குறையக் குறைய மற்ற கவுன்சில்களும் சேர்ந்துகொண்டன. பல இடங்களில் விளக்குக் கம்பத்தின் உச்சியில் ஒரு சிறிய ஒளியுணரி இருக்கும். அந்திக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, இரவின் நடுப்பகுதியைத் தானே கணித்து விளக்கை அணைக்கும். சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் விளக்குப் போட அதிகாரம் தருகிறது. போட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

2015இல் வெளியான ஓர் ஆய்வு இங்கிலாந்து, வேல்ஸில் 62 உள்ளாட்சிப் பகுதிகளைப் பார்த்தது. விளக்கை அணைத்ததால் குற்றமோ விபத்தோ கூடியதற்குச் சான்று இல்லை என்றது. அதை நான் ஏற்கிறேன். மின்சாரம் மிச்சமாவதும், வௌவாலுக்கும் விட்டில்பூச்சிக்கும் இருள் திரும்பக் கிடைப்பதும் நல்லதுதான். ஆனால் குற்றக் கணக்கிலும் விபத்துக் கணக்கிலும் வராத ஒன்று இருக்கிறது. ஷிப்ட் முடிந்த தாதி ஒருத்தி இருட்டுக்குப் பயந்து டாக்ஸிக்குக் கொடுக்கும் காசு எந்த ஏட்டிலும் ஏறாது. கவுன்சில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு அவளுடைய சம்பளத்திலிருந்து போகிறது.

அணைக்கட்டும். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தும் கடைசி ரயில் நிற்கும் ஸ்டேஷனிலிருந்தும் வீடுகளுக்குப் போகும் பாதைகளை மட்டும் விட்டுவிடட்டும். உங்கள் கவுன்சில் கருத்துக் கேட்டால், இரவு வேலை செய்யும் தமிழர்களே, சும்மா இருக்காதீர்கள். எத்தனை மணிக்கு, எந்தத் தெருவால் நடக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.